பல் வைத்தியர் ஏன் கண்ணில் குழாய் மாட்டுகிறார்? பல்லையும் பிடரியையும் காக்கும் உருப்பெருக்கிக் கண்ணாடி

வாயைத் திறந்தபடி பல் வைத்தியரின் கதிரையில் சாய்ந்து கிடக்கிறீர்கள். முகக்கவசம் அணிந்த ஒருவர் உங்களை நோக்கி வருகிறார். அவருடைய மூக்குக் கண்ணாடியில் இரண்டு சிறிய கறுப்புக் குழாய்கள் பொருத்தப்பட்டிருக்கின்றன. இரண்டு கண்ணுக்கும் நடுவே ஒரு சிறு விளக்கு எரிகிறது. அதிலிருந்து இறங்கும் மெல்லிய வயர் ஒன்று அவருடைய சட்டைப் பைக்குள் போகிறது.

கனடாவிலோ லண்டனிலோ பல்லுக் காட்டப் போன எமது உறவுகளுக்கு இது பழகிய காட்சி. இங்கும் தனியார் பற்சிகிச்சை நிலையங்களிலும் பெரிய வைத்தியசாலைகளிலும் இதை இப்போது காணக்கூடியதாக இருக்கிறது. முதற்தடவை பார்ப்பவர்களுக்கு ஒரு சந்தேகம் வருவது இயல்பு. டொக்டருக்குக் கண் தெரியாதா? இல்லையென்றால் இது காசு கூட்டி வாங்குவதற்கான ஒரு வேடமா?

இரண்டும் இல்லை. இதன் பெயர் லூப்ஸ். தமிழில் உருப்பெருக்கிக் கண்ணாடி என்று சொல்லலாம். யாழ்ப்பாணத்தில் மணிக்கூடு திருத்துபவர்கள் ஒரு கண்ணில் இடுக்கிக்கொண்டு வேலை செய்யும் சின்னக் கண்ணாடியின் இரட்டைக்கண் உறவினர் இது. ஆனால் மணிக்கூடு திருத்துபவருடைய கண்ணாடி ஒரு வேலையைத்தான் செய்கிறது, சிறியதைப் பெரிதாகக் காட்டுகிறது. பல் வைத்தியருடைய கண்ணாடிக்கு இரண்டாவது வேலையும் உண்டு. அது அவருடைய கழுத்தை நிமிர்த்தி வைத்திருக்க வேண்டும். அந்த இரண்டாவது வேலையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை அதிகம் பேசுகிறது. ஏனெனில் பிடரி நோவால் ஒரு பல் வைத்தியர் தொழிலைக் குறைத்துக்கொண்டால், அந்த இழப்பு அவருடைய வீட்டோடு நிற்பதில்லை.

வாய்க்குள் எவ்வளவு சிறிய வேலை நடக்கிறது?

நல்ல பார்வையுள்ள ஒருவர் புத்தகம் படிக்கும் தூரத்தில் வைத்து இரண்டு புள்ளிகளைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டுமானால், அவற்றுக்கிடையே ஏறத்தாழ 0.2 மில்லிமீற்றர் இடைவெளி இருக்க வேண்டும். அதைவிடக் கிட்ட இருந்தால் இரண்டும் ஒரு புள்ளியாகவே தெரியும். மனிதக் கண்ணின் எல்லை அது.

இனிப் பல்லுக்குள் நடக்கும் வேலையைப் பாருங்கள். வேர்க்கால்வாய்ச் சிகிச்சை செய்யும்போது பல்லின் வேருக்குள் ஊசி போன்ற ஓர் அரத்தை விட்டுத் துப்புரவாக்குவார்கள். அந்த அரங்களில் 10 ஆம் இலக்கம் என்பது நுனியில் 0.10 மில்லிமீற்றர் பருமன் உடையது. 6 ஆம் இலக்கம் 0.06 மில்லிமீற்றர். தலைமயிரின் பருமனோடு ஒப்பிடத்தக்கது. அந்த நுனி நுழையும் துவாரம் எங்கே இருக்கிறது என்பதை வைத்தியர் இருட்டான, ஈரமான, நாக்கு அசைந்துகொண்டிருக்கும் ஒரு குகைக்குள் தேடுகிறார்.

மேல் தாடையின் முதலாவது பெரிய கடைவாய்ப்பல் இதற்கு நல்ல உதாரணம். அதற்கு வழக்கமாக மூன்று வேர்கள். ஆனால் முன்பக்க வேருக்குள் பெரும்பாலும் இரண்டாவது கால்வாய் ஒன்று ஒளிந்திருக்கும். அதைக் காணாமல் விட்டால் அதற்குள் கிருமி தங்கிவிடும். சிகிச்சை செய்து முடித்த பல் சில மாதங்களிலோ சில வருடங்களிலோ மீண்டும் நோகத் தொடங்கும். கடைசியில் பல்லைப் பிடுங்க நேரும். 2002 இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், வெறுங்கண்ணால் வேலை செய்த வைத்தியர்கள் இந்த இரண்டாவது கால்வாயை ஐந்தில் ஒரு பல்லில்கூடக் கண்டுபிடிக்கவில்லை. லூப்ஸ் அணிந்தவர்களும் நுணுக்குக்காட்டி பாவித்தவர்களும் பாதிக்கு மேற்பட்ட பற்களில் கண்டுபிடித்தார்கள். லூப்ஸுக்கும், அதைவிடப் பல மடங்கு விலையான நுணுக்குக்காட்டிக்கும் இடையே பெரிய வித்தியாசம் இருக்கவில்லை என்பதும் கவனிக்க வேண்டியது.

பல்லுக்கு மூடி போடும்போதும் இதே கதைதான். மூடிக்கும் பல்லுக்கும் இடையே 0.1 மில்லிமீற்றர் அளவிலான இடைவெளியை ஓரளவு ஏற்றுக்கொள்ளலாம் என்பார்கள். அதற்கு மேல் போனால் அந்த இடுக்கில் சாப்பாடும் கிருமியும் தங்கி உள்ளே சூத்தை விழும். வெறுங்கண்ணின் எல்லை 0.2 என்றால், 0.1 ஐச் சரிபார்ப்பது எப்படி? இரண்டு மடங்கு பெருக்கினால் பார்க்கலாம். நான்கு மடங்கு பெருக்கினால் 0.05 வரையும் போகலாம்.

நாற்பது வயதைத் தாண்டிய வைத்தியருக்கு இன்னொரு பிரச்சினையும் சேர்கிறது. வெள்ளெழுத்து விழுகிறது. கண்ணின் வில்லை இறுகி, கிட்டத்தில் உள்ளதைக் குவிக்கும் சக்தி குறைகிறது. கை பழகி, அனுபவம் முற்றி வரும் வயதில்தான் கண் பின்வாங்குகிறது. லூப்ஸ் அந்த இழப்பைப் பெருமளவு ஈடுசெய்கிறது.

குனிந்த தலையின் பாரம்

சரியாகத் தெரியவில்லை என்றால் மனிதன் என்ன செய்வான்? கிட்டப் போவான். ஊசியில் நூல் கோர்க்கும் அம்மாவைப் பாருங்கள், பூ வேலை செய்யும் தையற்காரியைப் பாருங்கள், நகை ஒட்டும் பொற்கொல்லரைப் பாருங்கள். எல்லோரும் குனிகிறார்கள். பல் வைத்தியரும் குனிகிறார். குனிவதோடு கழுத்தைச் சரிக்கிறார், ஒரு தோளை உயர்த்துகிறார், இடுப்பைத் திருப்புகிறார். அதே நிலையில் பல நிமிடங்கள் அசையாமல் இருக்கிறார். ஒரு நோயாளி எழும்ப அடுத்தவர் வந்து இருக்கிறார்.

வளர்ந்த ஒருவரின் தலை ஏறத்தாழ 4.5 முதல் 5 கிலோகிராம் வரை நிறை உடையது. நிமிர்ந்து இருக்கும்போது முள்ளந்தண்டு அந்த நிறையை நேராகத் தாங்குகிறது. தலை முன்னோக்கிச் சரியச் சரிய, அது விழாமல் பிடித்துவைக்கப் பிடரித் தசைகள் இழுக்க வேண்டியிருக்கிறது. அந்த இழுவையும் முள்ளந்தண்டின் மேல்தான் ஏறுகிறது. நியூயோர்க் முள்ளந்தண்டுச் சத்திரசிகிச்சை நிபுணர் கென்னத் ஹன்ஸ்ராஜ், தொலைபேசியைக் குனிந்து பார்ப்பவர்களை மனதில் வைத்து 2014 இல் இதைக் கணித்துக் காட்டினார். 15 பாகை குனிந்தால் கழுத்தில் ஏறும் சுமை சுமார் 12 கிலோகிராம். 30 பாகையில் 18. 45 பாகையில் 22. 60 பாகையில் 27. ஒரு மாதிரியை வைத்துச் செய்த கணக்கு என்றாலும், சுமை எந்தத் திசையில் போகிறது என்பதை அது தெளிவாகக் காட்டுகிறது. ஒரு பிள்ளையைப் பிடரியில் ஏற்றி வைத்துக்கொண்டு நாள் முழுவதும் வேலை செய்வதற்கு ஒப்பானது இது.

விளைவு என்ன? பல நாடுகளில் நடந்த ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2009 இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் வெளியிட்ட தொகுப்பு, பற்சிகிச்சைத் துறையில் வேலை செய்பவர்களில் 64 முதல் 93 வீதமானோருக்குத் தசை, மூட்டு, எலும்பு சார்ந்த நோவு இருப்பதாகக் கூறுகிறது. பல் வைத்தியர்களுக்குப் பிடரியும் முதுகும் அதிகம் பாதிக்கப்படுகின்றன. பல் துப்புரவு செய்யும் உதவியாளர்களுக்குக் கையும் மணிக்கட்டும் அதிகம் பாதிக்கப்படுகின்றன.

இது ஒரே நாளில் வருவதில்லை. முதலில் வேலை முடிந்ததும் பிடரி இறுகும். பிறகு தலையிடி. பிறகு தோள்மூட்டிலிருந்து விரல் நுனிவரை விறைப்பு. விரல் விறைத்தால் 0.1 மில்லிமீற்றர் வேலை செய்ய முடியாது. சிலர் நேரத்தைக் குறைக்கிறார்கள், சிலர் தொழிலையே விடுகிறார்கள்.

எங்களுக்கு இது ஏன் முக்கியம்? இலங்கையில் பல் வைத்தியர்களை உருவாக்கும் இடமாக நீண்ட காலம் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பல் மருத்துவ பீடம் ஒன்றுதான் இருந்தது. அங்கு இடம் கிடைக்க ஒரு பிள்ளை உயர்தரத்தில் எவ்வளவு பாடுபட வேண்டும் என்பது எமது பெற்றோருக்குத் தெரியும். 2022 பொருளாதார நெருக்கடியின் பின்னர் பெருமளவு வைத்தியர்கள் நாட்டைவிட்டு வெளியேறினார்கள். எஞ்சியிருப்பவர்களின் வாசலில் வரிசை நீள்கிறது. ஒரு கிராமப்புற வைத்தியசாலையில் இருக்கும் ஒரேயொரு பல் வைத்தியர் நாரியும் பிடரியும் பிடித்து விடுமுறை எடுத்தால், அந்தச் சுற்றுவட்டாரச் சனம் பஸ் ஏறி நகரத்துக்குப் போக வேண்டும். அல்லது வலிக்குளிசையோடு நாளைக் கடத்த வேண்டும்.

கலிலியோவின் குழாயும் கெப்ளரின் குழாயும்

லூப்ஸுக்குள் இருப்பது நானூறு வருடப் பழைய அறிவு. 1609 இல் கலிலியோ வானத்தைப் பார்த்த தொலைநோக்கியில் முன்னால் ஒரு குவிவு வில்லையும் கண்ணருகே ஒரு குழிவு வில்லையும் இருந்தன. இன்றும் சாதாரண லூப்ஸ் இதே அமைப்பில்தான் செய்யப்படுகிறது. வேறுபாடு என்னவென்றால், நட்சத்திரத்துக்குப் பதிலாக அரை மீற்றருக்குள் இருக்கும் பல்லைப் பார்ப்பதற்கு அது சரிசெய்யப்பட்டிருக்கிறது. படம் நேராகத் தெரியும். குழாய் கட்டையானது, பாரம் குறைந்தது. ஆனால் பெருக்கம் 2.5 மடங்கு, கூடினால் 3.5 மடங்குவரைதான் நன்றாக வரும். அதற்கு மேல் போனால் பார்க்கும் வட்டம் சுருங்கி, ஓரங்கள் மங்கும்.

கெப்ளர் 1611 இல் வேறொரு வழியை எழுதினார். இரண்டு பக்கமும் குவிவு வில்லை. பெருக்கம் கூடும், ஓரம்வரை தெளிவாக இருக்கும். ஆனால் படம் தலைகீழாகத் தெரியும். தலைகீழாகத் தெரியும் பல்லில் வேலை செய்ய முடியாது. ஆகவே குழாய்க்குள் ஓர் அரியத்தை வைத்துப் படத்தை நிமிர்த்துகிறார்கள். 3.5 முதல் 6 மடங்கும் அதற்கு மேலும் பெருக்கும் லூப்ஸ்கள் இவ்வகை. அரியம் கண்ணாடிக் கட்டி என்பதால் பாரம் கூடுகிறது, விலையும் கூடுகிறது.

மருத்துவத்தில் இதன் பாவனை 19 ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டது. ஜேர்மனியக் கண் வைத்தியர் சேமிஷ் 1876 இல் இரட்டைக்கண் உருப்பெருக்கியைச் சத்திரசிகிச்சைக்குக் கொண்டுவந்தார் என்று சொல்லப்படுகிறது. 1921 இல் சுவீடனைச் சேர்ந்த கார்ல் நைலன் காதுச் சத்திரசிகிச்சையில் நுணுக்குக்காட்டியைப் பாவித்தார். பல் மருத்துவத்துக்கு நுணுக்குக்காட்டி 1970 களின் இறுதியில்தான் வந்தது. அமெரிக்காவில் வேர்க்கால்வாய்ச் சிகிச்சையில் விசேட பயிற்சி பெறுபவர்கள் நுணுக்குக்காட்டியைப் பாவிக்கக் கற்க வேண்டும் என்ற நிபந்தனை 1998 இல் வந்தது.

கழுத்தைத் தீர்மானிக்கும் அளவுகள்

விளம்பரத்தில் பெரிதாக எழுதப்படுவது பெருக்கம் மட்டும்தான். 2.5 ஐவிட 5 நல்லது என்று நினைப்பது இயல்பு. ஆனால் வைத்தியரின் கழுத்தைத் தீர்மானிப்பவை வேறு அளவுகள்.

முதலாவது வேலைத் தூரம். கண்ணுக்கும் பல்லுக்கும் இடையிலான தூரம் அது. பொதுவாக 35 முதல் 50 சென்ரிமீற்றருக்கு இடையில் இருக்கும், உயரமானவர்களுக்கு அதைவிடவும் கூடும். லூப்ஸ் ஒரு குறிப்பிட்ட தூரத்தில்தான் தெளிவாகக் காட்டும். அதைவிடக் கிட்டப் போனால் மங்கும். அதாவது வைத்தியர் தன்னை அறியாமல் குனியத் தொடங்கினால் கண்ணாடியே அவரைத் தடுத்து நிமிர்த்துகிறது. இதுதான் லூப்ஸ் கழுத்துக்குச் செய்யும் பெரிய உதவி. ஆனால் கட்டையான வேலைத் தூரத்துக்குச் செய்த லூப்ஸை உயரமான ஒருவர் போட்டால் எதிர்மாறாக நடக்கும். தெளிவாகப் பார்க்க வேண்டுமானால் அவர் குனிந்தே ஆகவேண்டும். கண்ணாடி அவரைக் குனிந்த நிலையில் பூட்டி வைத்துவிடும்.

இரண்டாவது சரிவுக் கோணம். குழாய்கள் கண்ணாடியிலிருந்து கீழ்நோக்கி எவ்வளவு சரிந்திருக்கின்றன என்பது. சரிவு போதுமாக இருந்தால் வைத்தியர் தலையை நிமிர்த்தி, கண்ணை மட்டும் தாழ்த்திப் பார்க்கலாம். சரிவு குறைவாக இருந்தால் தலையையே குனிக்க வேண்டும். தலை 20 முதல் 25 பாகைக்கு மேல் குனியாமல் இருப்பது நல்லது என்பது பொதுவான ஆலோசனை. மலிவான பல லூப்ஸ்களில் இந்தக் கோணம் போதாது. படம் பெரிதாகத் தெரியும், பிடரி நோவும் பெரிதாகும்.

மூன்றாவது இரு கண்மணிகளுக்கு இடையிலான தூரம். வளர்ந்தவர்களுக்கு இது சராசரியாக 63 மில்லிமீற்றர். ஆளுக்கு ஆள் 54 இலிருந்து 74 வரை மாறும். குழாய்கள் இந்தத் தூரத்துக்குச் சரியாகப் பொருந்தாவிட்டால் இரண்டு வட்டங்கள் தனித்தனியாகத் தெரியும். மூளை அவற்றை ஒன்றாக்கப் பாடுபடும். அரை மணித்தியாலத்தில் தலையிடி தொடங்கும்.

குழாயைப் பொருத்தும் முறையும் இரண்டு வகை. ஒன்று, கண்ணாடி வில்லையில் துளையிட்டு ஒருவருடைய அளவுக்கு நிரந்தரமாகப் பதிப்பது. பாரம் குறைவு, கண்ணுக்குக் கிட்ட இருப்பதால் பார்க்கும் வட்டம் பெரிது. ஆனால் அது அந்த ஒருவருக்கு மட்டுமே. மற்றது, முன்னால் பிணைச்சலில் தொங்கவிடுவது. தேவையில்லாதபோது மேலே தட்டிவிடலாம், அளவுகளை மாற்றலாம், ஒரே லூப்ஸை இரண்டு பேர் மாறிமாறிப் பாவிக்கலாம். ஆனால் பாரம் கூட, அந்தப் பாரம் மூக்கின் மேல் முன்னுக்கு இழுக்கும்.

நேராகப் பார்த்துக் கீழே காண்பது

அண்மைக் காலத்தில் இன்னொரு வகை வேகமாகப் பரவுகிறது. இதைக் கழுத்து நிமிர் லூப்ஸ் என்று சொல்லலாம். இதில் குழாய்க்குள் இருக்கும் அரியம் ஒளிக்கதிரை ஒரு பெரிய கோணத்தில் மடிக்கிறது. வைத்தியர் எதிரே உள்ள சுவரைப் பார்ப்பதுபோல நேராகப் பார்க்கிறார். கண்ணில் தெரிவதோ கீழே நோயாளியின் வாய். பங்கருக்குள்ளிருந்து வெளியே பார்ப்பதற்குக் கண்ணாடித் துண்டுகளைச் சரித்து வைத்துச் செய்யும் குழாயைப் பற்றி அறிந்தவர்களுக்கு இந்தத் தத்துவம் உடனே விளங்கும்.

குனிவு பெருமளவு குறைவதால் ஏற்கெனவே கழுத்தில் பாதிப்பு உள்ள வைத்தியர்கள் இதை விரும்புகிறார்கள். ஆனால் பழக நாட்கள் எடுக்கும், சிலருக்கு வாரங்கள் எடுக்கும். கண் பார்க்கும் திசை ஒன்று, கை இயங்கும் திசை வேறு. மூளை அதை இணைக்கப் பழக வேண்டும். குழாய்க்கு வெளியே ஓர் ஆயுதத்தை எடுப்பதற்குக் கை தடுமாறும். ஆகவே நோயாளியின் வாயில் பாவிக்க முன்னர் மாதிரிப் பல்லில் பழகுவதே முறை. பாரமும் விலையும் சாதாரண லூப்ஸைவிடக் கூட.

வெளிச்சம்

பெருக்கம் கூடக் கூடக் கண்ணுக்குள் வரும் ஒளி குறையும். அதனால்தான் நெற்றியில் விளக்கு. வடக்கின் மீது பொருளாதாரத் தடை இருந்த 1990 களில் மின்சாரமும் இல்லாமல், டோர்ச்சுக்குப் பற்றறியும் இல்லாமல், ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு எரித்த வெளிச்சத்தில் படித்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. புத்தகத்தின் மேல் தன் தலையின் நிழலே விழும். விளக்கை நகர்த்தினால் கையின் நிழல் விழும்.

கதிரைக்கு மேலே தொங்கும் விளக்கிலும் இதே பிரச்சினை உண்டு. கண்ணுக்கு நடுவே உள்ள விளக்கு, கண் பார்க்கும் கோட்டிலேயே ஒளியைச் செலுத்துகிறது. அதனால் நிழல் இல்லை. இன்றைய எல்ஈடி விளக்குகள் சில கிராம் நிறைதான். பற்றறி சட்டைப் பையில் இருக்கும், அல்லது கண்ணாடிக் காம்பிலேயே இருக்கும். மின்வெட்டு வந்தாலும் இது அணையாது.

இதில் ஒரு கவனம் வேண்டும. பல்லின் நிறத்திலேயே அடைக்கும் கொம்பொசிட் என்ற பொருள் நீல ஒளியில் இறுகும். நெற்றி விளக்கின் வெள்ளை ஒளியிலும் நீலம் இருப்பதால், வைத்தியர் உருவம் கொடுத்து முடிக்க முன்னரே அது இறுகத் தொடங்கிவிடும். அதற்காக விளக்கின் முன்னால் செம்மஞ்சள் நிற வடிகட்டியை இறக்குவார்கள். சிகிச்சை நடுவில் வெளிச்சம் திடீரென மஞ்சளாக மாறினால் பயப்பட வேண்டாம்.

செய்ய முடியாதவை

லூப்ஸ் திறமையற்ற கையைத் திறமையாக்காது. ஆடிக்கொண்டிருக்கும் பல்லைப் பிடுங்குவதற்கு அது தேவையும் இல்லை. லூப்ஸ் இல்லாத வைத்தியர் தரக்குறைவானவர் என்று நினைப்பதும் தவறு. தலைமுறை தலைமுறையாக எமது பற்களைக் காப்பாற்றியவர்கள் வெறுங்கண்ணாலும் வாய்க்குள் வைக்கும் சிறு கண்ணாடியாலும்தான் அதைச் செய்தார்கள். கால்வாயைக் கூடுதலாகக் கண்டுபிடிக்க முடிகிறது என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. ஆனால் லூப்ஸ் பாவித்ததால் பத்து வருடங்களின் பின்னும் பல் நிலைக்கிறதா என்பதை நேருக்கு நேர் ஒப்பிட்டுக் காட்டும் உறுதியான ஆய்வுகள் மிகக் குறைவு.

கழுத்து விடயத்திலும் லூப்ஸ் மட்டும் மருந்தாகாது. வைத்தியரின் இருக்கை உயரம், நோயாளியின் கதிரையைச் சாய்க்கும் அளவு, மேல்தாடையைச் சிறு கண்ணாடியில் பார்த்து வேலை செய்யும் பழக்கம், இரண்டு நோயாளிகளுக்கு நடுவே எழுந்து தோளைப் பின்னுக்கு இழுத்து விடுவது ஆகியவை எல்லாம் சேர்ந்தால்தான் பலன். இவற்றில் பலவற்றுக்குக் காசு செலவில்லை.

காயப்பட்ட உடலோடு கதிரையில் ஏறுபவர்களுக்கு

எறிகணைச் சிதறல்களால் தாடையிலும் முகத்திலும் காயப்பட்டவர்கள் எம்மிடையே வாழ்கிறார்கள். சிலருக்கு வாய் முழுதாகத் திறக்காது. சிலருக்குத் தழும்பு இழுத்துப் பிடிக்கும். சிலருக்கு உடலுக்குள் இன்னும் இரும்புத் துண்டு இருக்கிறது. இவர்களுக்குச் சிகிச்சை செய்யும்போது வைத்தியருக்கு இடம் குறைவு, பார்க்கக் கிடைக்கும் வாசல் சிறிது. உருப்பெருக்கியும் நேரான வெளிச்சமும் அதிகம் பயன்படுவது இத்தகைய வாய்களில்தான். முகத் தழும்புகளைத் திருத்தும் சத்திரசிகிச்சையில் 0.1 மில்லிமீற்றரிலும் மெல்லிய நூலால் தைப்பார்கள். அங்கும் லூப்ஸ் அத்தியாவசியம்.

முகத்தருகே சிதறல் இருந்தால் வைத்தியரிடம் முதலிலேயே சொல்லுங்கள். பல்லுக்கு எடுக்கும் எக்ஸ்ரேக்கு அதனால் ஆபத்தில்லை. படத்தில் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும், அவர் குழம்பாமல் இருப்பார். ஆனால் எம்ஆர்ஐ பரிசோதனைக்கு அனுப்பினால் கட்டாயம் சொல்ல வேண்டும். அது பலமான காந்தம். இரும்பை அசைக்கக்கூடியது.

இன்னொன்றும் உண்டு. மல்லாக்கக் கிடத்தி, முகத்துக்கு நேரே கூசும் வெளிச்சம் அடித்து, முகம் மறைத்த ஒருவர் மேலிருந்து குனிவது எல்லோருக்கும் ஒரேமாதிரி இருப்பதில்லை. தடுப்பிலும் விசாரணையிலும் இருந்து வந்த சிலருக்கு அது வேறொரு அறையை நினைவூட்டும். நெஞ்சு படபடக்கும், வியர்க்கும், எழுந்து ஓட வேண்டும்போல் இருக்கும். இது கோழைத்தனமல்ல. சித்திரவதைக்கு உள்ளானவர்களுக்குப் பற்சிகிச்சை அளிப்போர் நன்கு அறிந்த விடயம். வைத்தியரிடம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதில்லை. "எனக்கு வெளிச்சம் கண்ணில் பட்டால் ஏலாது, கொஞ்சம் நிமிர்த்தி வைத்துச் செய்யுங்கோ டொக்டர்" என்று சொன்னால் போதும். அந்தக் கண்ணாடியையும் விளக்கையும் முதலில் காட்டும்படி கேட்கலாம். கையை உயர்த்தினால் நிறுத்த வேண்டும் என்று பேசிக்கொள்ளலாம். உங்கள் கண்ணுக்கு ஒரு கறுப்புக் கண்ணாடி கேட்கலாம். வைத்தியர்களும் மருத்துவ மாணவர்களும் இதை வாசித்தால், நெற்றி விளக்கை எரித்தபடி நோயாளியின் முகத்தைப் பார்த்துப் பேசாதீர்கள். பேசும்போது அணைத்துவிட்டுப் பேசுங்கள்.

வாங்குபவர்களும் அனுப்புபவர்களும்

லூப்ஸ் வெளிநாட்டிலிருந்து வர வேண்டிய பொருள். 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதமளவில் 360 வரை ஏறியபோது இதன் விலையும் அதனோடு ஏறியது. முன்னணிக் கம்பனிகளின் லூப்ஸ் ஆயிரம் டொலரைத் தாண்டும். இணையத்தில் நூறு டொலருக்கும் குறைவாகக் கிடைப்பவையும் இருக்கின்றன. பல் மருத்துவ பீடத்தில் படிக்கும் தங்கைக்கோ மருமகனுக்கோ ஒன்று வாங்கி அனுப்பலாம், ஊர் வைத்தியசாலைக்கு நன்கொடையாகக் கொடுக்கலாம் என்று நினைக்கும் புலம்பெயர் உறவுகள் கவனிக்க வேண்டிய சில விடயங்கள் உண்டு.

பதித்த வகை லூப்ஸ் பல்செட் மாதிரி. ஒருவருக்குச் செய்தது இன்னொருவருக்குப் பொருந்தாது. பழையதை வாங்கி அனுப்பினால் பெரும்பாலும் அது அலுமாரிக்குள்தான் இருக்கும். பாவிக்கப்போகும் ஆளுடைய கண்மணித் தூரம், வேலை செய்யும்போது கண்ணுக்கும் பல்லுக்கும் இடையிலான தூரம், மூக்குக் கண்ணாடி போடுபவராயின் அதன் இலக்கம் ஆகியவற்றைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். வேலைத் தூரத்தை அளக்கும்போது அவர் நிமிர்ந்து சரியாக இருந்த நிலையில் இன்னொருவர் அளக்க வேண்டும். குனிந்து இருந்து அளந்தால் குனிவதற்கான கண்ணாடிதான் வந்து சேரும். பலர் மாறிமாறி வேலை செய்யும் இடத்துக்குக் கொடுப்பதானால் அளவு மாற்றக்கூடிய தொங்கும் வகையே பொருத்தம்.

ஆரம்பிப்பவர்களுக்கு 2.5 மடங்கு போதும். வட்டம் பெரிது, பாரம் குறைவு, பழகுவது இலகு. மாணவராக இருக்கும்போதே தொடங்கினால் குனியும் பழக்கம் படியாது.

மலிவானதை வாங்க நேர்ந்தால் ஒரு சிறு சோதனை செய்யலாம். கணிதப் பாடத்துக்குப் பாவிக்கும் சதுரக்கோட்டுக் கொப்பியை வேலைத் தூரத்தில் வைத்து லூப்ஸால் பாருங்கள். இரண்டு கண்ணுக்கும் ஒரே வட்டம் தெரிய வேண்டும். கோடுகள் ஓரத்தில் வளையக் கூடாது. கோட்டின் அருகே நீலமோ சிவப்போ கசியக் கூடாது. ஒரு கண்ணை மூடி மறுகண்ணால் பார்க்கும்போது கட்டங்களின் பருமன் மாறக் கூடாது. பிறகு கால் மணித்தியாலம் அணிந்திருந்து பாருங்கள். தலையிடித்தால், கழுத்துத் தானாகக் குனிந்தால், அந்த லூப்ஸ் விலை குறைந்தாலும் வேண்டாம். அதற்குப் பதிலாக நல்லதொரு நெற்றி விளக்கை மட்டும் வாங்குவது பயனுள்ளது.

பாவிக்கும்போது தண்ணீரில் ஊறவைத்துக் கழுவக் கூடாது. குழாய்க்குள் ஈரம் போனால் வில்லை மங்கிவிடும். கிருமிநீக்கித் துணியால் துடைத்து, பெட்டிக்குள் வைக்க வேண்டும். முகக்கவசத்தின் மேல் விளிம்பு மூக்கோடு ஒட்டி இருந்தால் மூச்சுக்காற்றால் புகார் படியாது.

அடுத்த தடவை பல்லுக் காட்டப் போகும்போது வைத்தியர் எப்படி இருக்கிறார் என்று ஒருமுறை பாருங்கள். கண்ணில் குழாய் இருக்கிறதா என்பதைவிட, முதுகு நேராக இருக்கிறதா என்று பாருங்கள். அவர் கதிரையைச் சாய்க்கும்போது ஒத்துழையுங்கள். நாடியைக் கொஞ்சம் உயர்த்தச் சொன்னால் உயர்த்துங்கள். நீங்கள் தலையை இரண்டு அங்குலம் மேலே நகர்த்திக் கிடந்தால் அவருக்கு அந்த அளவு குனிவு மிச்சம். உங்களுக்குப் பின்னால் வெளியே வாங்கில் இருபது பேர் இருக்கிறார்கள். அவர்களையும் அவர் அன்று பார்க்க வேண்டும்.